காலி வீடும் ஒண்டுக்குடித்தனமும்: டப்ளின் டைரக்டரிகளை எவ்வளவு நம்பலாம்?

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) நாவலில், டிரான்சில்வேனியா மலைக்கோட்டைக்கு வந்து சேரும் ஜொனாதன் ஹார்க்கர் பிரபுவின் நூலகத்துக்குள் நுழைந்ததும் வியந்து நிற்கிறான். வரலாறு, புவியியல், அரசியல் நூல்களோடு லண்டன் டைரக்டரி, விட்டேக்கர் ஆல்மனாக், ராணுவ அதிகாரிகள் பட்டியல், வழக்கறிஞர் பட்டியல் என்று வறட்டுப் புத்தகங்களும் அங்கே வரிசையாக இருக்கின்றன. லண்டனைக் கண்ணால் கண்டிராத பிரபு, அந்நகரத்தைத் தன் வேட்டைக்களமாக ஆக்கிக்கொள்ளும் முன் அதன் விலாசப் புத்தகத்தைப் படித்துவைத்திருக்கிறார். ஒரு நகரத்தைத் தொலைவிலிருந்தே பிடித்துவிட முடியும் என்ற நம்பிக்கை அது. வரலாற்று ஆய்வாளர்களுக்கும் அந்த நம்பிக்கை உண்டு. நூறு, நூற்றைம்பது ஆண்டுத் தொலைவிலிருந்து ஒரு தெருவைப் பார்க்க விரும்புகிறவர் முதலில் கையை நீட்டுவது பழைய டைரக்டரியை நோக்கித்தான். இன்ன எண்ணுள்ள வீட்டில் இன்னார், இன்ன தொழில். இதைவிடத் தெளிவான சாட்சி வேறு எது?

ஸ்டோக்கர் டப்ளின்காரர். அவருக்கு ஒரு தலைமுறை பின்னே வந்த இன்னொரு டப்ளின்காரர் அந்த நம்பிக்கையை ஒரு பெருநாவலாகவே ஆக்கிக்காட்டினார். ஜேம்ஸ் ஜாய்ஸ் 'யுலிஸிஸ்' நாவலை எழுதியது டிரீஸ்ட், ஜூரிச், பாரிஸ் நகரங்களில் இருந்தபடி. கதை நிகழ்வதோ 1904 ஜூன் 16 அன்று டப்ளினில். நினைவாற்றல், உறவினருக்கு எழுதிக் கேட்ட கடிதங்கள் இவற்றோடு அவர் மேசையில் இருந்த முக்கியமான கருவி 1904-ஆம் ஆண்டின் டாம்ஸ் டைரக்டரி. எந்தத் தெருவில் எந்தக் கடைக்கு அடுத்து எந்தக் கடை வரும் என்பதை அதிலிருந்து எடுத்துக்கொண்டார். நகரம் அழிந்துபோனாலும் தன் புத்தகத்திலிருந்து அதைத் திரும்பக் கட்டிவிடலாம் என்ற பொருளில் அவர் நண்பர் ஃபிராங்க் பட்ஜனிடம் சொன்னது புகழ்பெற்ற பேச்சு. அந்தப் பெருமையில் ஒரு பங்கு அலெக்ஸாண்டர் டாம் என்ற அச்சகக்காரருக்கும் சேரவேண்டும்.

கதாநாயகன் லியோபால்ட் புளூமின் வீடு, எக்கிள்ஸ் தெரு 7-ஆம் எண். 1904 டாம்ஸ் டைரக்டரியில் அந்த எண்ணுக்கு எதிரே 'காலி' என்று இருக்கிறது. ஜாய்ஸுக்கு அந்த வீடு தெரியும். அவருடைய நண்பர் ஜே. எஃப். பர்ன் 1908 முதல் அங்கே குடியிருந்தார். 1909-இல் ஊர் வந்த ஜாய்ஸ் அங்கே போயிருக்கிறார். 1921-இல்கூட, சாதாரண மனிதர் ஒருவர் அந்த வீட்டின் முன்பக்கக் கிராதியைத் தாண்டிக் கீழ்த்தள முற்றத்தில் அடிபடாமல் இறங்க முடியுமா என்று அத்தை ஜோசஃபினுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். இவ்வளவு நுணுக்கம் பார்த்தவருக்கு அந்தக் 'காலி' மிக வசதியாக இருந்திருக்கும். உண்மையான குடியிருப்பாளர் எவரையும் வெளியேற்றாமல் கற்பனை மனிதர் ஒருவரைக் குடியேற்றலாம் அல்லவா?

ஆனால் ஓர் ஆய்வாளர் இங்கே நின்று யோசிக்க வேண்டும். 1904 என்று அட்டையில் போட்ட புத்தகம் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் விற்பனைக்கு வர வேண்டுமானால் அதன் தகவல்கள் 1903-இலேயே திரட்டப்பட்டிருக்க வேண்டும். 1904 ஜூன் 16 அன்று அந்த வீடு காலியாக இருந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. முந்தைய ஆண்டின் பிற்பகுதியில் யாரோ ஒருவர் அந்த வாசலைப் பார்த்தபோதோ, பழைய பட்டியலைத் திருத்தியபோதோ குடியிருப்பவர் பெயர் கிடைக்கவில்லை என்பதற்கு மட்டுமே சாட்சி. (ஆர்தர் கோனன் டாயில் 'தி வேலி ஆஃப் ஃபியர்' நாவலில் இதை வைத்து ஒரு நல்ல வேடிக்கை செய்திருக்கிறார். சங்கேதக் கடிதத்துக்குத் திறவுகோல் விட்டேக்கர் ஆல்மனாக் என்று ஹோம்ஸ் ஊகிக்கிறார். புதிய பதிப்பைப் புரட்டினால் உளறலாக வருகிறது. தேதி ஜனவரி 7. கடிதம் எழுதியவர் பழைய பதிப்பைப் பயன்படுத்தியிருப்பார் என்று உடனே பிடிபடுகிறது.)

ஒரு நாவலாசிரியருக்கு இதனால் இழப்பு ஒன்றுமில்லை. டாம்ஸ் டைரக்டரியின் பிழைகள் சில நாவலுக்குள்ளும் அப்படியே குடியேறிவிட்டன என்பதை கிளைவ் ஹார்ட், லியோ க்னூத் இருவரும் 1975-இல் வெளியிட்ட 'யுலிஸிஸ்' நிலவியல் கையேட்டிலிருந்து தொடங்கிப் பலர் காட்டியிருக்கிறார்கள். ஜாய்ஸ் ஆர்வலர்களுக்கு அது ரசமான பொழுதுபோக்கு. ஆனால் அயர்லாந்தின் வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு டைரக்டரியின் நம்பகத்தன்மை பொழுதுபோக்கு அல்ல. அதற்குக் காரணமும் அதே 1922-ஆம் ஆண்டில் இருக்கிறது.

'யுலிஸிஸ்' வெளிவந்தது 1922 பிப்ரவரி 2. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், அதே ஆண்டு ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை பத்தாண்டுக்கொருமுறை எடுக்கப்பட்ட நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் வீட்டுப் படிவங்கள், சிற்சில துண்டுகள் நீங்கலாக, அன்று சாம்பலாயின. அவற்றுக்கு அடுத்த இரண்டின் (1861, 1871) படிவங்களை அரசாங்கமே முன்னர் அழித்துவிட்டிருந்தது. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டு அயர்லாந்தின் சாமானியக் குடும்பம் ஒன்றைப் பெயரோடு தேடுகிறவருக்கு முழுமையாகக் கிடைக்கும் முதல் கணக்கெடுப்பு 1901-இல்தான் வருகிறது. எரிந்தவற்றின் பிரதிகளையும் சுருக்கங்களையும் உலகெங்கும் தேடித் தொகுக்கும் முயற்சியின் இணையக் காப்பகம், தீவிபத்தின் நூற்றாண்டையொட்டி 2022 ஜூனில் திறக்கப்பட்டது. எவ்வளவு தொகுத்தாலும் இடைவெளி இடைவெளிதான். அந்த இடைவெளியில் நிற்கும் சில சாட்சிகளில் ஒன்று டைரக்டரி. கிரிஃபித் வரி மதிப்பீடு (1847-1864) இன்னொன்று. சாட்சிகள் குறையும்போது இருக்கிற சாட்சியின் சொல்லுக்குத் தகுதிக்கு மீறிய எடை ஏறிவிடுகிறது.

டைரக்டரி என்ற வடிவம் எதற்காகப் பிறந்தது என்பதை முதலில் பார்க்கவேண்டும். லண்டன் வணிகர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று 1677-இல் சிறு நூலாக அச்சானது. யாரிடம் சரக்கு வாங்கலாம், யாருடைய உண்டியலை நம்பலாம் என்று அறிய விரும்பிய வணிகருக்கானது அது. டப்ளினில் பீட்டர் வில்சன் 1750களில் தொடங்கிய டைரக்டரியும் வணிகர், கைவினைத் தொழில் முதலாளிகள் பெயர்களை அகரவரிசையில் தந்தது. தெருவாரியாக, வீட்டு எண் வரிசையில் தரும் பழக்கம் பின்னால் வந்தது. அலெக்ஸாண்டர் டாம் 1844-இல் தன் ஆல்மனாக்கை வெளியிடத் தொடங்கியபோது இவை எல்லாம் ஒரே தடித்த நூலுக்குள் சேர்ந்தன: அரசு உத்தியோகப் பட்டியல்கள், புள்ளிவிவரங்கள், தெருவாரிப் பட்டியல், பெயர்வாரிப் பட்டியல், தொழில்வாரிப் பட்டியல். வாங்கியவர்கள் வணிகர்கள், வழக்கறிஞர்கள், அலுவலகங்கள், வசதியுள்ள வீட்டுக்காரர்கள். இந்த நூலில் யார் இருப்பார் என்பதை, இந்த நூலை யார் வாங்குவார் என்பதே பெரும்பாலும் தீர்மானித்தது. கடன் கொடுக்கவோ சரக்கு அனுப்பவோ அழைப்பிதழ் அனுப்பவோ தேவைப்படாத ஒருவரின் விலாசத்தை அச்சிட யாரும் காகிதம் செலவழிக்கவில்லை.

எக்கிள்ஸ் தெருவிலிருந்து சிறிது தூரம் நடந்தால் ஹென்ரியட்டா தெரு. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரபுக்களும் பேராயர்களும் வாழ்ந்த மாளிகைகளின் தெரு. 1801-இல் அயர்லாந்தின் நாடாளுமன்றம் லண்டனோடு இணைக்கப்பட்டதும் பிரபுக்கள் மெல்ல வெளியேற, வழக்கறிஞர்கள் வந்தார்கள். அவர்களும் போனபின், நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், வீட்டுச் சொந்தக்காரர்கள் அந்தப் பெரிய கூடங்களைத் தடுத்து அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். நம் மொழியில் சொன்னால் ஒண்டுக்குடித்தனங்கள். டாம்ஸ் டைரக்டரியின் தெருவாரிப் பட்டியலை ஆண்டுவாரியாகப் புரட்டினால் இந்தச் சரிவை எண்வாரியாகப் பின்தொடரலாம். பாரிஸ்டர், சொலிசிட்டர் என்ற பெயர்வரிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, அந்த இடங்களில் ஒற்றைச் சொல் வந்து உட்காருகிறது: 'டெனமெண்ட்ஸ்'. பெயர் இல்லை, தொழில் இல்லை. பக்கத்திலேயே வரி மதிப்பு மட்டும் பவுண்டுக் கணக்கில் இருக்கும். வீட்டுக்கு மதிப்பு உண்டு. அதற்குள் இருப்பவர்களுக்குப் பெயர் இல்லை.

அந்த ஒற்றைச் சொல்லின் பின்னால் எத்தனை பேர்? இதற்கு விடை கிடைக்கிறது, ஏனென்றால் 1911 கணக்கெடுப்பின் படிவங்கள் தப்பிவிட்டன. ஹென்ரியட்டா தெருவின் 15 வீடுகளில் 835 பேர். 7-ஆம் எண் வீட்டில் மட்டும் 19 குடும்பங்கள், 104 பேர். எக்கிள்ஸ் தெரு 7-ஐயும் ஹென்ரியட்டா தெரு 7-ஐயும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். முன்னதில் டைரக்டரி காலி என்கிறது, ஒரு நாவலாசிரியர் அதில் உலக இலக்கியத்தின் மிகப் பிரபலமான தம்பதிகளில் ஒன்றைக் குடிவைக்கிறார். பின்னதில் நூற்றுநான்கு பேர் மூச்சுவிட்டுக்கொண்டிருக்க, டைரக்டரியில் ஒரு பெயரும் இல்லை. 1914-இல் வெளியான டப்ளின் வீட்டுவசதி விசாரணை அறிக்கை, நகரில் ஒற்றை அறையில் வாழும் குடும்பங்கள் மட்டுமே 20,000-க்கு மேல் என்று கணக்கிட்டது. அந்த விசாரணைக்குக் காரணங்களில் ஒன்று, 1913 செப்டம்பரில் சர்ச் தெருவில் இரண்டு ஒண்டுக்குடித்தன வீடுகள் இடிந்து விழுந்து ஏழு பேர் இறந்த சம்பவம். இந்த இருபதாயிரம் குடும்பங்களை டாம்ஸில் தேடுவது வீண்வேலை.

எனவே டைரக்டரியின் முதன்மையான பிழை பொய் சொல்வதன்று, சொல்லாமல் விடுவது. இந்த வேறுபாடு ஆய்வில் மிக முக்கியமானது என்று கருதுகிறேன். ஒரு பெயர் இருக்கிறது என்றால், அந்த மனிதர் ஏறக்குறைய அந்தக் காலத்தில், ஏறக்குறைய அந்த இடத்தில், அந்தத் தொழிலைத் தன் தொழிலாகச் சொல்லிக்கொண்டு இருந்தார் என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஒரு பெயர் இல்லை என்றால் அதிலிருந்து எதையும் கொள்ள முடியாது. ஆனால் குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் மிகுதியாகச் செய்வது இந்த இரண்டாவது அனுமானத்தைத்தான். பாட்டனார் 1868 பதிப்பில் இருக்கிறார், 1869-இல் இல்லை, ஆகவே இறந்துவிட்டார் அல்லது அமெரிக்கா போய்விட்டார் என்று எழுதிவிடுகிறார்கள். அவர் ஒருவேளை இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியறைக்கு வாடகைக்குப் போயிருக்கலாம். கடையை இழந்து கூலிக்காரர் ஆகியிருக்கலாம். டைரக்டரியைப் பொறுத்தவரை வறுமையும் மரணமும் ஒரே மாதிரியாகத்தான் பதிவாகின்றன.

அடிக்கடி வீடு மாறும் வாடகைக்காரர்களும் இப்படித்தான் நழுவிவிடுகிறார்கள். ஜாய்ஸின் தந்தை வாடகை பாக்கிக்குப் பயந்து குடும்பத்தை வீடு வீடாக இழுத்துச் சென்றவர். ஜாய்ஸ் இருபது வயதை எட்டுமுன் பத்துக்கு மேற்பட்ட வீடுகள். ஆண்டுக்கொருமுறை திருத்தப்படும் நூல் இப்படிப்பட்ட குடும்பத்தைத் துரத்திப் பிடிப்பது எங்ஙனம்? மாறாக, நகர எல்லைக்கு வெளியே ரத்மைன்ஸ், பெம்புரோக் போன்ற தனி நகரியங்களில் சொந்த வீட்டில் ஊன்றிவிட்ட நடுத்தர வர்க்கத்தார் ஆண்டுக்காண்டு பிசகாமல் வந்துகொண்டிருப்பார்கள். ஒரே நூல், நகரின் ஒரு பகுதிக்குக் கண்ணாடியாகவும் மறு பகுதிக்குச் சுவராகவும் இருக்கிறது.

பெண்களின் நிலையும் கவனத்துக்குரியது. வீட்டுத் தலைவர் பெயரே அச்சாகும் என்பதால் விதவைகளும் மணமாகாத பெண்களும் தம் பெயரில் தலைகாட்டுவார்கள். கணவரோடு சேர்ந்து கடையை நடத்திய பெண், சொல்லப்போனால் கணவர் குடித்துக்கொண்டிருக்கத் தானே நடத்திய பெண், கணவர் இறக்கும்வரை தென்படமாட்டார். கணவர் இறந்த மறு ஆண்டு திடீரென்று 'திருமதி இன்னார், மளிகை' என்று ஒரு வரி தோன்றும். அவர் அன்றைக்குத்தான் தொழில் தொடங்கினார் என்று எண்ணிவிடக்கூடாது.

தகவல் எப்படித் திரட்டப்பட்டது என்பது அடுத்த கேள்வி. இதில் லண்டன் கதை நன்கு பதிவாகியிருக்கிறது. ஃபிரெடரிக் ஃபெஸ்டஸ் கெல்லி என்பவர் 1830களின் நடுவில் லண்டன் தபால்துறையில் கடிதம் கொடுப்போரின் தலைமை ஆய்வாளரானார். தபால் நிலைய டைரக்டரியின் உரிமை அவர் கைக்கு வந்தது. தபால்காரர்களையே வீடுதோறும் விவரம் சேகரிக்க வைத்தார். ஒவ்வொரு வாசலையும் அறிந்தவர்கள் அவர்கள். இதைவிடச் சிறந்த தகவலாளர் இல்லை. ஆனால் அரசு ஊழியர்களைச் சொந்த வியாபாரத்துக்குப் பயன்படுத்துகிறார் என்று போட்டியாளர்கள் எழுப்பிய புகார் வலுத்து, 1840களின் இறுதியில் அவர் சொந்தமாக முகவர்களை வைத்துக்கொள்ள நேர்ந்தது. ஒரே பெயருள்ள, ஒரே அட்டையுள்ள நூல்தான். அதன் பின்னால் தகவல் திரட்டிய கைகள் மாறிவிட்டன. ஆகவே ஒரு டைரக்டரித் தொடரை ஒட்டுமொத்தமாக நம்பத்தக்கது, நம்பத்தகாதது என்று முத்திரை குத்துவது பயனற்றது.

கேட்கப்போனவரிடம் மக்கள் எல்லோரும் பதில் சொன்னார்களா? ஃபிலடெல்ஃபியாவில் 1785-இல் ஜான் மெக்ஃபர்சன் வெளியிட்ட டைரக்டரி இவ்விஷயத்தில் அபூர்வமான ஆவணம். பெயர் சொல்ல மறுத்தவர்களை அவர் விட்டுவிடவில்லை. அவர்கள் சொன்ன பதிலையே பெயராகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்! 'சொல்லமாட்டேன்' என்ற பொருள்பட ஒருவர், 'உமக்கு விருப்பமானதைப் போட்டுக்கொள்ளும்' என்ற பொருள்பட இன்னொருவர். ஒரு வீட்டில் சிடுசிடுத்த பெண்மணி என்று ஒரு குறிப்பு. பிற்காலத்து டைரக்டரிகள் இந்த நேர்மையைக் கைவிட்டன. மறுத்தவர்களின் வரி சத்தமில்லாமல் நீக்கப்பட்டது, அல்லது பக்கத்து வீட்டாரிடம் கேட்டு நிரப்பப்பட்டது. வாசலில் நடந்த அந்த உரையாடலின் சுவடு அச்சில் கிடையாது.

பிறகு பிரதியெடுத்தல். இரண்டு வெவ்வேறு டைரக்டரிகள் ஒரே தகவலைத் தந்தால் இரட்டைச் சாட்சி கிடைத்துவிட்டதாக மகிழ்கிறோம். கெல்லி நிறுவனம் மோரிஸ் என்ற போட்டியாளர்மீது தொடுத்த வழக்கில் 1866-இல் வந்த தீர்ப்பு இந்த மகிழ்ச்சியைக் குறைக்கும். ஒருவர் உழைத்துத் திரட்டிய பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு அதைச் சரிபார்ப்பது மட்டும் போதாது, தொகுப்பவர் தன் சொந்த உழைப்பில் தொடக்கத்திலிருந்து திரட்ட வேண்டும் என்றார் நீதிபதி பேஜ் வுட். ஒருவருடைய பிழை இன்னொருவரின் புத்தகத்திலும் அப்படியே இருப்பதுதான் இவ்வகை வழக்குகளில் களவுக்குச் சான்று. சுவடிப் பதிப்பை அறிந்த நமக்கு இது புதிதல்ல. உ.வே.சாமிநாதையர் போன்றோர் பாடபேதம் பார்த்த வழியில் வந்தவர்களுக்கு, ஒரே பிழையைச் சுமக்கும் இரண்டு ஏடுகள் இரண்டு சாட்சிகளல்ல, ஒரு தாய்ச்சுவடியின் இரண்டு பிள்ளைகள் என்பது பாலபாடம். டைரக்டரிகளுக்கும் அதே விதி பொருந்தும். அடுத்தடுத்த இரு ஆண்டுப் பதிப்புகளுக்கோ இன்னும் கூடுதலாகப் பொருந்தும். மறு ஆண்டுப் பதிப்பு முந்தியதன் மேல் செய்யப்பட்ட திருத்தமே. மாறாமல் வரும் வரி, குடியிருப்பவர் மாறவில்லை என்பதாலும் இருக்கலாம், யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பதாலும் இருக்கலாம்.

இதை அளந்து பார்க்க ஒரு வழி உண்டு. இறந்த தேதி உறுதியாகத் தெரிந்த சிலரைத் தேர்ந்துகொள்ளலாம். அயர்லாந்தில் உயில்கள் எரிந்தாலும், 1858 முதல் அச்சிடப்பட்ட உயில் பதிவுச் சுருக்கங்கள் தப்பியுள்ளன. நாளிதழ் மரண அறிவிப்புகளும் உண்டு. அவர்கள் பெயர் இறப்புக்குப் பின் எத்தனை பதிப்புகளில் தொடர்கிறது என்று பார்த்தால் அந்தத் தொடரின் சோம்பலின் அளவு தெரியும். இதற்கு ஒரு எச்சரிக்கை: கடைக்காரர்களை இந்தச் சோதனையில் சேர்க்கக்கூடாது. கடை உரிமையாளர் இறந்தபின்னும் பலகையில் அவர் பெயரே தொடர்வது வழக்கம். அங்கே டைரக்டரி தவறு செய்யவில்லை. பலகையில் உள்ளதைச் சரியாகத்தான் பதிந்திருக்கிறது. வீட்டு முகவரிகளை வைத்துச் சோதிப்பதே நியாயம்.

டப்ளினுக்கு 1901, 1911 என்ற இரண்டு நல்ல உரைகற்கள் வாய்த்திருக்கின்றன. 1901 மார்ச் 31 இரவும் 1911 ஏப்ரல் 2 இரவும் ஒவ்வொரு வீட்டிலும் யார் இருந்தார் என்ற படிவங்களை அயர்லாந்து தேசிய ஆவணக்காப்பகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. குடும்பப் படிவத்தோடு, ஒவ்வொரு கட்டடத்திலும் எத்தனை குடும்பம், எத்தனை அறை என்ற படிவமும் இருக்கிறது. ஒரு தெருவை எடுத்துக்கொண்டு 1901, 1902 டாம்ஸ் பதிப்புகளோடு வரிவரியாக ஒப்பிடலாம். தெருவுக்குத் தெரு விடை மாறும். கடைத்தெருவில் பொருத்தம் அதிகமாகவும், வசதியான குடியிருப்புத் தெருவில் அதையடுத்தும், ஒண்டுக்குடித்தனத் தெருவில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமலும் போகும் என்பது மேலே சொன்னவற்றிலிருந்து எதிர்பார்க்கக்கூடியதே. அந்த ஒப்பீட்டில் கிடைக்கும் அளவை வைத்து, கணக்கெடுப்பு எரிந்துபோன 1851-க்கோ கூழான 1881-க்கோ உரிய பதிப்பை எவ்வளவு நம்பலாம் என்று ஓரளவு மதிப்பிடலாம். ஓரளவுதான். 1901-இன் டாம்ஸ் அலுவலகமும் 1851-இன் அலுவலகமும் ஒன்றல்ல.

தொழில் பெயர்களைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். தம்மை 'எஸ்கொயர்' என்று போட்டுக்கொண்டவர் வருமானம் உள்ளவரா, வருமானம் போனபின் மரியாதையை மட்டும் வைத்திருந்தவரா என்பதை டைரக்டரி சொல்லாது. டப்ளினில் மதுக்கடை நடத்தியவர் பெரும்பாலும் 'மளிகை, தேயிலை, ஒயின், சாராய வணிகர்' என்று வருவார், ஏனெனில் ஒரே கல்லாவின் முன்பக்கம் மளிகையும் பின்பக்கம் மதுவும் விற்ற ஊர் அது. தொழில்வாரிப் பட்டியலில் மளிகைக்காரரை மட்டும் எண்ணிக்கொண்டு டப்ளின்வாசிகளின் தேநீர்ப் பழக்கத்தைப் பற்றி ஓர் ஆய்வு எழுதினால் வேடிக்கையாக இருக்கும். ஊரறிந்த சில தொழில்களுக்கோ தலைப்பே இல்லை. 'யுலிஸிஸ்' நாவலின் இரவுக் காட்சி நிகழும் விடுதிப் பகுதி ஐரோப்பாவெங்கும் பெயர்போனது. டாம்ஸின் தொழில் பட்டியலில் அதற்கு இடம் ஏது?

தெருக்கள் பெயர் மாறுவதும் எண் மாறுவதும் தனித் தொல்லை. டப்ளினின் பிரதான வீதிக்கு ஓ'கானல் பெயரைச் சூட்ட மாநகராட்சி 1884-இல் முனைந்தது. அங்கிருந்தவர்கள் வழக்காடித் தடுத்தார்கள். சட்டப்படியான மாற்றம் 1924-இல்தான் வந்தது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளும் ஒரே தெருவுக்கு இரண்டு பெயர். 'பழைய எண், புதிய எண்' என்று இரண்டையும் வாசலில் எழுதி வைத்திருக்கும் சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்னாளில் நம் தெருக்களை ஆராய வருபவர்கள் அந்தப் பலகைகளுக்கு நன்றி சொல்வார்கள்.

சென்னையைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு மதராஸ் ஆல்மனாக்குகளை வைத்து நகர வரலாறு எழுதும் ஆர்வம் நம்மிடையே பெருகியிருக்கிறது, நல்லதுதான். அவற்றில் ஐரோப்பியக் குடியிருப்பாளர்களுக்கென்று பெயர்ப்பட்டியல் இருக்கிறது. அதே நகரின் தமிழரும் தெலுங்கரும் பெரும்பாலும் உத்தியோகப் பட்டியல்களின் கீழ்வரிசையிலும் வணிகர் பெயர்களுக்கிடையிலும் மட்டுமே தென்படுகிறார்கள். டப்ளினில் வர்க்கம் இழுத்த கோட்டை இங்கே இனமும் வர்க்கமும் சேர்ந்து இழுத்தன. டப்ளினுக்கு வாய்த்தது போன்ற வீட்டுவாரிக் கணக்கெடுப்புப் படிவங்கள் அக்காலச் சென்னைக்கு இல்லை என்பதால், உரசிப்பார்க்க வேறு கல்லைத் தேட வேண்டும்.

இணையத்தில் வருடப்பட்ட டைரக்டரிகளில் பெயரைத் தட்டித் தேடும் வசதி வந்தபின் ஒரு புதுப் பழக்கம் உருவாகியிருக்கிறது. தேடிய பெயர் கிடைத்தால் அந்த வரியை வெட்டி எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். முன்பு தடித்த நூலைப் புரட்டியவர் வேறுவழியின்றித் தெருவின் முழுப் பக்கத்தையும் பார்த்தார். பக்கத்து வீடு யார், எதிர்வீடு காலியா, எத்தனை எண்கள் விடுபட்டிருக்கின்றன என்பதெல்லாம் கண்ணில் பட்டன. விடுபட்ட எண்கள் எந்தத் தேடலிலும் அகப்படுவதில்லை. மங்கிய சிற்றெழுத்துகளைக் கணினி தவறாக வாசிப்பது வேறு.

ஜாய்ஸ் இந்தப் பண்டத்தின் இயல்பை நன்கு அறிந்திருந்தார் என்றே தோன்றுகிறது. புளூம் ஒருகாலத்தில் டாம்ஸ் அச்சகத்தில் வேலை பார்த்தவராக நாவலில் வருகிறார். இறுதிக்கு முந்தைய அத்தியாயத்தில் அவர் வீட்டு அலமாரியில் உள்ள புத்தகங்களின் பட்டியல் தரப்படுகிறது. அதில் முதலாவது, டாம்ஸ் டப்ளின் தபால் நிலைய டைரக்டரி, 1886-ஆம் ஆண்டுப் பதிப்பு. பதினெட்டு ஆண்டு பழையது. 1904 பதிப்பை வைத்துக்கொண்டு எழுதியவர் தன் நாயகனுக்கு அதைக் கொடுக்கவில்லை.

டைரக்டரியில் இடம்பெறாதவர்களை எழுத டப்ளின் இன்னொருவரைப் பெற்றது. ஷான் ஓ'கேசி 1920-இல் மவுண்ட்ஜாய் சதுக்கத்தின் ஒண்டுக்குடித்தனம் ஒன்றில் ஒரு நண்பரோடு அறையைப் பகிர்ந்து வாழ்ந்தவர். 1923-இல் ஆபி அரங்கில் மேடையேறிய 'தி ஷேடோ ஆஃப் எ கன்மேன்' அப்படி ஒரு வீட்டுக்குள்ளேயே நிகழ்கிறது. அவருக்குத் தெருவாரிப் பட்டியல் எதுவும் தேவைப்பட்டிருக்காது. சுவருக்கு அந்தப்பக்கம் பேசுவது கேட்டிருக்கும்.

ஹென்ரியட்டா தெரு 14-ஆம் எண் வீடு 2018 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே கடைசிக் குடித்தனங்கள் வெளியேறியது 1970களின் இறுதியில். அருங்காட்சியகத்தை அமைத்தவர்கள் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களைத் தேடிப்பிடித்து, எந்த அறையில் எந்தக் குடும்பம், அடுப்பு எங்கே இருந்தது, சுவருக்கு என்ன நிறம் என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். 1911-க்கு முந்தைய குடித்தனக்காரர்களிடம் அப்படிக் கேட்க இயலாது. 1901 படிவம் ஒன்று இருக்கிறது. அதற்கும் முன்னால் போனால், டாம்ஸின் அந்த ஒற்றைச் சொல்.